ஆகஸ்ட்டில் ஊருக்குப் போகிறவர் இந்தச் செடியை வாங்கலாமா?

சனிக்கிழமை காலை பின்தோட்டத்தில் உதிர்ந்த மொட்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நண்பரிடமிருந்து வாட்ஸப். "உங்க வீட்டு வெள்ளைப் பூச்செடி மாதிரி ஒண்ணு நாங்களும் வைக்கலாம்னு இருக்கோம். வெயில் பாதி நாள்தான் வரும். வாங்கலாமா?" கையிலிருந்த முறத்தில் இருநூறு மொட்டாவது இருக்கும். ஒன்றுகூட விரியவில்லை. அந்தக் கோபத்தில் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். அவர் காரணம் கேட்டார். இது அந்தக் காரணம்.

செடி, கமேலியா 'கார்னிஷ் ஸ்னோ'. லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், மேற்கு பார்த்த மூலை. பக்கத்து வீட்டுச் செர்ரி மரம் பாதி நிழல் போடும். 2017 மார்ச்சில் மூன்று லிட்டர் தொட்டியில் பூவோடு வாங்கினேன். இப்போது என்னைவிட ஓரடி உயரம். கடையில் முன்வரிசையில் நிற்கும், காகித ரோஜா போன்ற அடுக்குக் கமேலியா இல்லை இது. சீனாவிலிருந்து வந்த கஸ்பிடாட்டா, சாலுவெனென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகளைக் கார்ன்வாலின் கேர்ஹேஸ் தோட்டத்தில் ஜே. சி. வில்லியம்ஸ் மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. இரண்டு விரல் அகலத்தில் ஒற்றை அடுக்குப் பூ, நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. இலை ஒடுக்கம், வருடம் முழுக்கப் பச்சை. துளிர் மட்டும் செம்பு நிறத்தில் வரும்.

2019 மார்ச்சில் அப்பாவும் அம்மாவும் வால்பாறையிலிருந்து வந்தார்கள். அப்பா முப்பது வருடம் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். செடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினார்.

"இதை எவ்வளவுக்குடா வாங்குன?"

"இருபத்தெட்டு பவுண்டுப்பா."

"தேயிலைச் செடியை இருபத்தெட்டு பவுண்டு குடுத்து வாங்குன முத ஆளு நீதான்."

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. தேயிலையும் கமேலியாதான், கமேலியா சைனென்சிஸ். வால்பாறையில் கவாத்து பண்ணாமல் வேலியோரம் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து, இதே மாதிரி சின்ன வெள்ளைப் பூ பூக்கும். சின்ன வயதில் நாங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. கொழுந்துக்காகச் செடி வளர்க்கிற இடத்தில் பூவை யார் பார்க்கிறார்கள்? சில்வர் ஓக் நிழலில் தேயிலை நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன், அதன் சொந்தக்காரச் செடியைச் செர்ரி மர நிழலில் வைத்துவிட்டு ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி இருந்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், "கைகால் சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சொல்லி அப்பா கத்திரியை எடுத்தார். நான் வேலை முடிந்து வந்தபோது செடி இடுப்பளவில் மேசை போட்ட மாதிரி மட்டமாக நின்றது. அச்சு அசல் எஸ்டேட் கவாத்து. கமேலியாவைப் பூத்து முடிந்த உடனே வெட்டலாம்; கோடை பாதிக்கு மேல் வெட்டினால் அடுத்த வருடப் பூவும் சேர்ந்து போகும். 2020 வசந்தத்தில் ஒரு பூ இல்லை. அதை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்தச் செடி ஜனவரி முதல் மார்ச் வரை காட்டுகிற பூவுக்கான மொட்டை முந்தைய ஜூலை, ஆகஸ்ட்டிலேயே கட்டி முடித்துவிடுகிறது. அந்த இரண்டு மாதமும் செப்டம்பரும் வேர் காயக் கூடாது. காய்ந்தால் உடனே தெரியாது. இலை வாடாது, மொட்டும் நிற்கும், குளிர்காலத்தில் பருக்கவும் செய்யும். நாமும் நம்பிக்கொண்டிருப்போம். பிப்ரவரியில் பழுப்பாகிப் பொலபொலவென்று கொட்டும். அந்த நேரம் பனி இருக்கும், அதனால் பழி பனிமேல் விழும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

லண்டனில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற தமிழ்க் குடும்பம் ஊருக்குப் போவது எப்போது? ஜூலை கடைசி வாரம் ஏறினால் ஆகஸ்ட் முடிகிறபோது இறங்குவோம். வேறு மாதத்தில் பிள்ளைகளுக்கு இவ்வளவு நீண்ட லீவு கிடையாது. எந்த ஐந்து வாரம் செடிக்குத் தண்ணீர் வேண்டுமோ, சரியாக அந்த ஐந்து வாரம் நாங்கள் வீட்டில் இல்லை. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, வால்பாறையில் விடாமல் கொட்டும் மழையில் துணி காயவில்லையே என்று அலுத்துக்கொண்டிருப்போம். இங்கே செடி தொண்டை வறண்டு நிற்கும். போதாததற்குச் செர்ரி மரத்தின் வேர் கிடைக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. 2020இலும் 2021இலும் கொரோனாவால் ஊருக்குப் போகவில்லை. வேறு வேலை இல்லாததால் சாயங்காலமானால் தண்ணீர் விட்டேன். 2021 பிப்ரவரியில் செடி பூத்த பூப்பு, அப்பப்பா! கொம்பு தெரியவில்லை. 2022லும் அப்படியே. செடி வயதுக்கு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி. அந்த வாரக் கடைசியில் அதே ஹீத்ரோவிலிருந்து நாங்கள் பறந்தோம். பக்கத்து வீட்டம்மா குழாய் வைத்துத் தண்ணீர் விடுவதாகச் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 24 முதல் லண்டனில் ஹோஸ் பைப்புக்குத் தடை. வாளியில் ஊற்றத் தடையில்லை என்றாலும், 78 வயதுக்காரரை வாளி தூக்கச் சொல்ல முடியுமா? டிசம்பரில் கடும் பனி வந்தபோது செடிக்குப் பனித்துணி போர்த்தி, இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிப்ரவரியில் மொத்தமும் கொட்டியது. செடி விற்பவர் ஒருவரிடம் பனியைத் திட்டிப் புலம்பியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆகஸ்ட்டில் எங்கே இருந்தீர்கள்?"

அதற்குப் பிறகு டைமர் வைத்த சொட்டுக் குழாய் போட்டேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது, பூவும் ஓரளவு வந்தது. 2025 கோடையில் பேட்டரி எப்போது செத்ததோ தெரியாது. அதன் விளைவைத்தான் சனிக்கிழமை முறத்தில் அள்ளினேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். நோய் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. ஒருமுறை செதில் பூச்சி பிடித்து, அதன் பிசுக்கில் கரும்பூசணம் படர்ந்தது. ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தேன், போய்விட்டது. காலை வெயில் மட்டும் ஆகாது. இரவில் உறைந்த பூவில் விடிந்ததும் வெயில் பட்டால் வெந்தது போல் கருகும். முதல் வருடம் கிழக்குப் பக்கம் வைத்து அந்தப் பாடத்தையும் படித்தேன். மேற்கு மூலை, பாதி நிழல் இதற்குச் சொர்க்கம். மண் அமிலத் தன்மையோடு இருக்க வேண்டும். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலில் படிகிற வெள்ளைதான் சாட்சி. தொட்டியில் இருந்தபோது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மழைத்தண்ணீர்ப் பீப்பாய் வைத்ததும் தேறியது. அதற்காக, பீப்பாய் காலியானால் செடியைக் காயவிடாதீர்கள். வறட்சிக்குக் குழாய்த் தண்ணீரே மேல்.

மணம் இல்லை. இதை மனசு ஒப்புக்கொள்ள வருடமானது. வெள்ளைப் பூ என்றால் கை தானாக மூக்குக்குப் போகிற ஜாதி நாம். மோந்து பார்த்து ஏமாந்த விருந்தாளிகளின் முகம் எனக்குப் பழகிவிட்டது. காம்பும் கிடையாது, தொடுக்க முடியாது. ஊசியில் கோர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் உதிர்கிற அழகு ஒன்று இருக்கிறது. பெரிய பூக் கமேலியாக்கள் பல, வாடியதைப் பழுப்புத் துணி மாதிரி கொம்பிலேயே தொங்கவிடும். இது முழுப்பூவாக, வெள்ளை மாறுவதற்குள், முகம் மேலே பார்க்கத் தரையில் விழும். 2021இல் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு அம்மா, "பவழமல்லி மாதிரியே கிடக்கேடா" என்றாள். தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்குப் போடலாம் என்ற சலுகை எங்கள் வீட்டில் பவழமல்லிக்கு மட்டும்தான். அம்மா ஒரு நிமிடம் யோசித்து இதற்கும் அதைக் கொடுத்தாள். பிப்ரவரியில், கடைப்பூ விலை கேட்டால் மயக்கம் வருகிற மாதத்தில், மனைவி தினம் ஒரு தட்டுப் பூ பொறுக்கி வந்தாள். இருபத்தெட்டு பவுண்டுக்கு அது போதும்.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்காதீர்கள். நீங்களும் ஆகஸ்ட்டில் திருச்சியில் இருப்பவர். அதே மூலைக்குச் சார்கோகாக்கா என்ற புதர்ச்செடி வையுங்கள். பச்சை மாறாது, நிழலும் வறட்சியும் தாங்கும், ஜனவரியில் நுனி நகமளவு வெள்ளைப் பூவில் தெருவரை மணக்கும். எல்லா வகையிலும் புத்திசாலித்தனமான செடி. என்னிடம் இல்லை.

பெரியவளுக்கு இந்த வருடம் ஜிசிஎஸ்இ, இங்கே பதினாறு வயதில் எழுதுகிற பொதுத்தேர்வு. ரிசல்ட் ஆகஸ்ட்டில் வருகிறது என்பதால் ஊர்ப் பயணம் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அது வருத்தம். நான் மட்டும் இன்னொரு பீப்பாய்க்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அடுத்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள். பார்த்ததும் வாங்கத் தோன்றும். அப்போதும் வாங்காதீர்கள்.