அம்மாவின் கண்ணீரும் ஒரு துளி உப்பு நீரும்

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மூன்று வார விடுப்பில் மலேசியாவின் பினாங்குக்கு வந்து திரும்பினேன். விமானம், உறவினர் வீடுகள், தண்ணீர்மலைக் கோயில் எல்லாம் வழக்கம்போல நன்றாகவே நடந்தன. மனத்தில் நிற்பது அம்மாவின் கண் வைத்தியம் மட்டுமே.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு ஆண்டுகளாக இரு கண்களிலும் நீர் வடிகிறது. காணொளியில் பேசும்போதெல்லாம் கைக்குட்டையும் கையுமாகத்தான் இருப்பார். ஓயாமல் துடைத்துத் துடைத்து இமைக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருந்ததை, ஆயர் ஈத்தாம் வீட்டு வாசலில் அவரை நேரில் கண்டபோதுதான் அறிந்தேன். "ஏன்க்கா அழுவுறீங்க?" என்று பலர் கேட்பதால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கனத்தது.

முதலில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மருத்துவர் பார்த்தது மூன்று நிமிடம். விளக்கைக் காட்டிப் பார்த்தவர் இமையைத் தொடவே இல்லை. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி, கிருமிக்கொல்லி உட்பட மூன்று சொட்டு மருந்துகளை எழுதிக் கொடுத்தார். 310 ரிங்கிட் ஆயிற்று. லெஸ்டரில் காலை 8 மணிக்குத் தொலைபேசியில் வரிசை பிடித்து, பிறகு நிபுணரைக் காண மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு, நினைத்த நாளிலேயே நிபுணரைப் பார்ப்பது பெரிய வசதி. ஆனால் அங்கே எவ்வளவு காக்க வைத்தாலும், பார்க்கும்போது நோயாளியிடம் நாலு கேள்வி கேட்பார்கள். அம்மாவிடம் இங்கே ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.

ஒரு வாரம் சொட்டு விட்டும் பயனில்லாததால், பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சிறிய கண் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டு வரிசையொன்றின் மாடியில் இருந்தது. சீனப் பெண் மருத்துவர். உதவிக்குத் தமிழ்த் தாதி. எந்தக் கண்ணில் அதிகம், காற்றுப் பட்டால் மட்டுமா எந்நேரமுமா, அரிப்பு உண்டா, காலையில் பீளை ஒட்டுகிறதா, மூக்கில் அடிபட்டதுண்டா என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு செம்மஞ்சள் சாயத் தாளைக் கண்ணில் ஒற்றி, ஐந்து நிமிடம் கழித்து நீல விளக்கில் பார்த்தார். இடது கண்ணில் சாயம் வடிந்திருந்தது. வலது கண்ணில் அப்படியே தேங்கி நின்றது.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். இமைகளின் உள்மூலையில், மேலும் கீழுமாக ஊசிமுனை அளவில் இரு துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் போகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது அதனால்தான். மரத்துப்போகும் சொட்டு விட்டபின், மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழலைக் கீழ்த் துளையில் நுழைத்து உப்பு நீரைச் செலுத்தினார். தாதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, தொண்டையில ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டார். இடது பக்கத்தில் அம்மா உடனே, "உப்புக் கரிக்குதும்மா" என்றார். வலது பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை; விட்ட நீர் சளியோடு கலந்து மேல் துளை வழியாகவே திரும்பி வந்தது. இரண்டு ஆண்டுகளாக யாரும் சொல்லாததை அந்த இரண்டு நிமிடங்கள் சொல்லிவிட்டன.

வலது கண்ணில் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இடது கண்ணில் பாதை திறந்தே இருக்கிறது. ஆனால் இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டதால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, கண் உலர்ந்து உறுத்துகிறது, அந்த உறுத்தலே மேலும் நீரை வரவழைக்கிறது. நீர் வடிகிற கண்ணுக்கு வறட்சிதான் காரணம் என்பதை அம்மா நம்ப மறுத்தார். தினமும் வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம் ஒற்றடம், பிறகு இமை விளிம்பைத் துடைத்தல், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு என்று மருத்துவர் சொன்னபோது, டத்தோ கெராமட் பகுதி வீட்டில் எங்கள் பாட்டி முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி எங்கள் கண்ணில் ஒற்றியது நினைவுக்கு வந்து, என் கண்ணும் கலங்கியது. கண்ணீரைக் கீழ்நோக்கி இழுத்துத் துடைத்தால் இமை தளர்ந்து துளை கண்ணைவிட்டு விலகும், அதனால் மெல்ல ஒற்றி எடுங்கள் என்றும் சொன்னார்.

வலது கண்ணின் அடைப்பு சொட்டு மருந்தால் திறக்காது. கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குள் எலும்பில் புதுவழி அமைக்கும் அறுவைதான் தீர்வு. மூக்கோரம் சிறு கீறல் இட்டோ, கீறலே இல்லாமல் மூக்கின் உள்ளிருந்தோ செய்கிறார்கள். அவசரமில்லையாம். ஆனால் உள்மூலை வீங்கிச் சிவந்து வலித்தால், பையில் சீழ் பிடித்திருக்கலாம் என்பதால் அன்றே வர வேண்டும் என்று தாதி தமிழில் இருமுறை சொல்லி, அம்மாவைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

இதற்கெல்லாம் 180 ரிங்கிட். முதல் மருத்துவமனையின் மூன்று குப்பிகள் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கின்றன. எறிய வேண்டாம், காசு கொடுத்து வாங்கியது என்கிறார் அம்மா. அறுவைக்குச் சம்மதித்துவிட்டார், ஆனால் நான் பக்கத்தில் இருந்தால்தான் செய்துகொள்வாராம். டிசம்பரில் மறுபடியும் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.