பழையபேட்டையில் ஒரு பனிக்காலக் களிக்கடை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலையடிவாரத்தை நோக்கிப் போகும் குறுந்தெரு ஒன்றில், தம் வீட்டின் முன்கட்டையே கடையாக்கி ஓர் அம்மாள் காலை உணவு போடுகிறார். கடைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. இட்லியும் தோசையும் ஆண்டு முழுவதும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. மார்கழி பிறந்தது முதல் தை முடியும் வரை மட்டும் அங்கே ராகிக் களியும், தோல் பிதுக்கிய அவரைக்கொட்டையில் வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கிடைக்கும். சென்ற இரண்டு பனிக்காலங்களிலும் சேர்த்துப் பதினைந்து முறையாவது அங்கே சாப்பிட்டிருப்பேன். இங்கே நான் எழுதுவது அந்த இரண்டு மாதக் கடையைப் பற்றித்தான்.

வேலை மாற்றலில் இந்த ஊருக்கு வந்த நான் நெடுஞ்சாலையை ஒட்டிய புதிய குடியிருப்பில் இருக்கிறேன். அங்கே விடிவதும் அடைவதும் லாரிச் சத்தத்தில்தான். வெளியூர்க்காரர்கள் பலருக்குக் கிருஷ்ணகிரி என்றால் பெங்களூரு போகும் வழியில் வரும் சுங்கச்சாவடியும் கோடைக்கால மாம்பழமும் மட்டுமே. முதல் ஆறு மாதங்கள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேட்டை என்பது கோட்டைக்குக் கீழே வணிகர்களும் கைவினைஞர்களும் குடியிருந்த பகுதி. 1791 நவம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இந்தப் பேட்டையைப் பிடித்த பின்னும் மேலே உள்ள கோட்டைக்குள் நுழைய முடியாமல் திரும்பியது என்று வரலாறு சொல்கிறது. மறு ஆண்டு திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில், இந்த ஊர் அடங்கிய பாராமகால் பகுதி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தப் பழைய அமைப்பின் மிச்சமோ என்னவோ, இந்தக் கடை இருக்கும் தெருவில் கார் நுழையாது. ஆகவே வண்டியைப் பெரிய சாலையிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்த நடையையும் சாப்பாட்டோடு சேர்த்தே நான் கணக்கில் வைக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு மலையின் மேற்பாதி பனிமூட்டத்தில் இருக்கும். தெருவில் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, நடுவே பரங்கிப்பூ செருகிய வாசல்கள் வரிசையாக வரும். வாசலோரம் கட்டிய கறவை மாடுகளும், கொட்டாங்குச்சியும் காய்ந்த மட்டையும் எரியும் வெந்நீர் அடுப்புகளும், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் சேர்ந்து, இது ஒரு மாவட்டத் தலைநகரத்தின் நடுப்பகுதி என்பதை மறக்கச் செய்துவிடுகிறார்கள். ஓசூர் அளவுக்கு இங்கே குளிராது. ஆனாலும் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தவுடன் இரவுகள் சட்டென்று குளிர்ந்துவிடும். விடியற்காலையில் நடப்பவருக்குக் காதை மூடிக்கொள்ள ஒரு துண்டு வேண்டும்.

பிதுக்கம்பருப்பு ஏன் இந்தப் பருவத்துக்கு மட்டும் உரியது என்பதை அந்த அம்மாளிடம்தான் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ராகியோடு ஊடுபயிராக அவரையையும் சால் பிடித்து விதைப்பார்கள். ராகி அறுவடையான பின் நிலத்தில் தனியாக நிற்கும் அவரைக்கொடி, பகல் குறுகும் மாதங்களில்தான் பூத்துக் காய்க்கும். பனியில் நனைந்த காய்க்கு ஒரு மணம் உண்டு. உரிக்கும்போது விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் அந்த மணமே இந்தக் குழம்பின் உயிர். உரித்த பச்சைக்கொட்டையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக இரு விரலுக்கிடையே பிதுக்கினால் தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கி வெளியே விழும். ஒரு படிக் கொட்டையைப் பிதுக்க ஒருவருக்கு ஒரு முற்பகல் போய்விடும் என்பதால், பெரிய ஓட்டல்கள் இதன் பக்கம் போகாததில் வியப்பில்லை.

இவர் அந்த வேலையைத் தெருவுக்கே பங்கிட்டுவிடுகிறார். முதல்நாள் ஊறவைத்த கொட்டையைப் பக்கத்து வீடுகளுக்குப் படிக்கணக்கில் அளந்து கொடுக்க, வெயில் ஏறிய திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து பிதுக்கித் தருகிறார்கள். கூலியைச் சிலர் பணமாகவும் சிலர் குழம்பாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கேட்கும். கடைக்கார அம்மாள் இந்த நான்கிலும் கணக்கு பேசுவார், எந்த மொழியிலும் கடன் சொல்ல விடமாட்டார்.

களியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவிட்டு, ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் சிறிது நேரம் கொதிக்க விடுகிறார். அதன் பிறகு பானையைக் கவைக்கோலால், அதாவது நுனி பிளந்த கோலால், அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருடைய மகன் துடுப்பால் கிண்டுகிறார். மாவை முதலிலேயே கலக்கிவிட்டால் கட்டி விழும் என்றும், கிண்டும் கை நின்றுவிட்டால் அடி பிடிக்கும் என்றும் சொல்வார்கள். இந்தக் கடைக் களியில் நான் ஒருநாளும் கட்டி கண்டதில்லை. நீர் தொட்ட கையால் உருட்டித் தட்டில் வைக்கும்போது உருண்டை பளபளவென்று இருக்கும், விரலில் ஒட்டாது. கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல்நாள் நான் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து, “தம்பி, களிய கடிக்கக் கூடாது, முழுங்கணும். பல்லுக்கு வேலை குடுத்தா வயித்துக்கு ருசி தெரியாது” என்றார். இப்போது அவர் சொன்னபடியே விழுங்குகிறேன்.

குழம்பில் தேங்காயை விட வறுத்த தனியாவும் பூண்டும் முன்னால் நிற்கின்றன. புளி மிகக் குறைவு. பருப்பு கரைந்துபோகாமல், அழுத்தினால் வெண்ணெய்போல் நசுங்கும் பதத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே களிக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் உண்டு. அது நன்றாகவே இருந்தாலும், அதற்காக மெனக்கெட்டு இந்தத் தெருவுக்கு வர வேண்டியதில்லை. கொள்ளு ரசம் கேட்டால் கிடைக்கும். பனியில் நடந்து வந்தவர்கள் அதை முதலில் குடித்துவிடுவது நல்லது. ஓர் உருண்டையும் குழம்பும் சேர்த்து நான் கடைசியாகப் போனபோது 40 ரூபாய். இரண்டாவது உருண்டைக்கு 20. எனக்கு ஒன்றரை போதும், ஆனால் அரை உருண்டை கொடுப்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. உட்கார இரண்டு பெஞ்சுகள் மட்டுமே உள்ளதால், எட்டு மணிக்கு மேல் போனால் தட்டைக் கையில் ஏந்தித் தெருவில் நிற்க நேரும். விறகடுப்புப் புகை காற்று திரும்பும்போதெல்லாம் கண்ணை எரிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களை நான் அழைத்துப் போகமாட்டேன். டீ பாகுபோல் இனிக்கிறது, சர்க்கரை குறைத்துப் போடச் சொன்னாலும் குறைவதில்லை. ஒன்பது மணிக்குள் பிதுக்கம்பருப்பு தீர்ந்துவிடும், பிறகு வருபவர்களுக்குக் கீரைக் கடைசல்தான். இதைவிட முக்கியமான ஒன்று, பொங்கல் வாரத்தில் பச்சைக்கொட்டையின் விலை ஏறும்போது காய்ந்த கொட்டையை ஊறவைத்துக் கலந்துவிடுகிறார். காய்ந்த கொட்டையிலும் தோல் பிதுங்கும், ஆனால் பருப்பில் மாவுத்தன்மை வந்துவிடும், அந்தப் பனி மணம் அறவே இருக்காது. ஒருநாள் நான் முகம் சுளித்ததைக் கவனித்தவர், “இன்னைக்குப் பாதி காஞ்ச கொட்டைதான் தம்பி, பிடிக்கலைன்னா ரசம் ஊத்திக்கோ” என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதை மதிக்கிறேன், விலையையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

சுத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: தட்டுகள் வெந்நீரில் அலசப்படுகின்றன, குடிதண்ணீர் காய்ச்சியதுதான். ஆனால் டம்ளர்கள் பொதுக்குடத்தில் முக்கி எடுக்கப்படுகின்றன. நான் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகிறேன்.

போக நினைப்பவர்கள் மார்கழியின் பிற்பாதியில், பொங்கல் வாரத்துக்கு முன்னால், ஏழேகால் மணிக்குள் போய்விடுவது நல்லது. அந்த வாரம் முதல் மாவட்டத்தின் ஊர்களில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடுவதால் கடைக்கார அம்மாளின் மகனும் பாதி வாடிக்கையாளர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். கிண்ட ஆளில்லாத நாளில் களி கிடையாது. வீட்டுக்கு வாங்க வேண்டுமானால் தூக்குவாளி கொண்டுபோக வேண்டும், பிளாஸ்டிக் பையில் குழம்பு ஊற்றித் தரமாட்டார். தை கடைசியில், மாந்தோப்புகள் பூத்து நிற்கும் நாள்களில், ஒருநாள் காலை அடுப்பில் பானைக்குப் பதில் இட்லிக் குண்டான் மட்டும் ஏறியிருக்கும். சென்ற ஆண்டு அந்த நாளில் போய்ச் சேர்ந்தவன் நான். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, காலித் தூக்குவாளியோடு வீடு திரும்பினேன்.