‘கரண்ட் பில் பாதியாகும்’ பெட்டி: ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பிளக்கில் செருகினால் போதும், கரண்ட் பில் பாதியாகிவிடும் என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். உள்ளங்கை அளவு, வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் ஒரு பச்சை விளக்கு. பவர் சேவர், எனர்ஜி சேவர், எகோ என்று தொடங்கும் இன்னும் ஏதேதோ பெயர்கள். வாங்காதீர்கள். ‘ஏமாற்று வேலை’ என்று ஒற்றை வரியில் சொன்னால் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை (எங்கள் வீட்டில் கொடுக்கவில்லை), அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இதை வரவழைத்தது அப்பா. விளம்பர வீடியோ அவருடைய ஃபோனில் வந்தது. 1943இல் காலமான கண்டுபிடிப்பாளர் நிக்கோலா டெஸ்லாவையும் அதில் இழுத்துவிட்டிருந்தார்கள். அவர் கண்டுபிடித்ததை மின்சார நிறுவனங்கள் மறைத்து வைத்திருந்ததாம், இப்போதுதான் வெளியே வந்ததாம். இந்தக் கதையை அப்பாவே நம்பவில்லை. அவரை விழ வைத்தது அடுத்து வந்த செய்முறை.

ஒரு மோட்டார் ஓடுகிறது. அதற்கும் பக்கத்து பிளக்குக்கும் சேர்த்து மின்சாரம் கொண்டுவருகிற வயரைக் கிளாம்ப் மீட்டரின் வாயில் கவ்வவிட்டிருக்கிறார்கள், ஆம்பியர் எண் தெரிகிறது. அந்த பிளக்கில் பெட்டியைச் செருகியதும் அந்த எண் சடாரென்று கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்குகிறது. எடுத்தால் ஏறுகிறது, செருகினால் மறுபடி இறங்குகிறது. “கண்ணால பாக்குறேனே, இதுல என்ன பொய் இருக்கு?” என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். அந்த வீடியோவில் ஒட்டு வேலை எதுவும் இல்லை, ஆம்பியர் நிஜமாகவே இறங்கும். வீட்டு மீட்டர் அதற்குப் பணம் கேட்பதே இல்லை என்பதுதான் விஷயம்.

சாதாரண மோட்டார் உள்ள எந்தச் சாதனமும், ஃபேனோ ஃபிரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ, இரண்டு வகையில் மின்சாரம் இழுக்கிறது. ஒன்று, உண்மையாகவே வேலை செய்து தீர்ந்துபோவது. இன்னொன்று, மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்கக் கைமாற்றாக வாங்கி உடனே திருப்பிக் கொடுப்பது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் வினாடிக்கு 100 முறை நடக்கிறது. கிளாம்ப் மீட்டர் வயரில் ஓடுகிற இரண்டையும் சேர்த்து ஆம்பியராகக் காட்டும். வீட்டு மீட்டரோ திரும்பி வராததை மட்டும்தான் யூனிட்டாக எண்ணும். இது புது டிஜிட்டல் மீட்டரோடு வந்த வசதி கிடையாது. ஹங்கேரிய எஞ்சினியர் ஒட்டோ பிளாத்தி 1889இல் உருவாக்கிய, அலுமினியத் தட்டு சுழல்கிற மீட்டரே செலவான வாட்டுக்கு ஏற்றபடிதான் சுற்றும். நூறு வருஷத்துக்கு மேலாக இதுதான் கணக்கு.

பெட்டிக்குள் இருப்பது ஒரு கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஒரு பாகம். மோட்டாருக்கு வேண்டிய அந்தக் கைமாற்றைப் பக்கத்திலேயே இருந்து அது கொடுத்து வாங்குகிறது. வெளியிலிருந்து வருகிற வயரில் ஆம்பியர் குறைகிறது. ஆனால் அந்தக் கைமாற்றுக்கு நம்மிடம் யாரும் பணம் வாங்கியதே இல்லையே! பில்லில் சல்லிக்காசு குறையாது. ஆம்பியர் குறைவதால் வயர் சூடாகி வீணாவது கொஞ்சம் குறையும் என்று விவரம் தெரிந்த சிலர் வாதாடுவார்கள். குறையும்தான், ஆனால் ஒரு வீட்டின் வயரிங்கில் அது பில்லில் தெரிகிற அளவுக்கு வராது.

இதே கெபாசிட்டர் தொழிற்சாலையில் நல்ல காரியம் செய்கிறது. பல இடங்களில் தொழிற்சாலைகளுக்கு இந்தக் கைமாற்றையும் சேர்த்து எண்ணுகிற கே.வி.ஏ. கணக்கில் பில் போடுகிறார்கள், அல்லது பவர் ஃபேக்டர் (இழுப்பதில் உண்மையாக வேலை செய்கிற பங்கு) குறைந்தால் அபராதம் விதிக்கிறார்கள். அதனால் அங்கே அலமாரி அளவுக்குக் கெபாசிட்டர்களை அடுக்கி வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் தானாக இணைகிற மாதிரி செய்திருப்பார்கள். பெட்டி விற்பவன் அங்கிருந்து ஓர் உண்மையைத் திருடிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விற்கிறான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அப்பா மாட்டியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. இன்றைய வீட்டில் பாதிக்கு மேல் எல்.இ.டி. பல்பு, டி.வி., சார்ஜர், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்றவை. இவை பழைய மோட்டார் மாதிரி மின்சாரம் இழுப்பதே இல்லை, அவற்றின் முன்னால் இந்தக் கெபாசிட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். ராத்திரி எல்லாம் அணைந்த பிறகும் அது மட்டும் லைனில் கிடக்கும், பச்சை விளக்குக்கும் சேர்த்துக் கொஞ்சம் மின்சாரம் தின்றபடி.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பார்சலில் பில் இல்லை, அனுப்பியவர் முகவரியும் இல்லை. உள்ளே ஒரே ஒரு தாள். அதில் ஒரு வாக்கியம்: கருவி முதலில் சில வாரங்கள் உங்கள் வீட்டு மின்சாரத்தைப் ‘படித்துக்கொள்ளும்’, மூன்றாவது மாதத்திலிருந்து முழுப் பலன் தெரியும். ரிட்டர்னுக்குக் கொடுத்திருந்த அவகாசமோ ஏழு நாள்! இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். கெபாசிட்டருக்குப் படிக்கிற புத்தி கிடையாது, செருகிய நொடியே செய்யக்கூடியதைச் செய்துவிடும். வீடியோவில் எண் உடனே இறங்கியதே, அங்கே மட்டும் எப்படிப் படிக்காமலே பாஸானது?

பலன் தெரியவில்லை என்று கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

“வீடு எவ்வளவு பெருசு சார்?”

“ரெண்டு பெட்ரூம்.”

“அதான் சார் பிரச்சினை. ஒண்ணு பத்தாது. ரூமுக்கு ஒண்ணு போடணும். இப்ப மூணு எடுத்தா ஆஃபர் இருக்கு.”

“இது ஒண்ணே வேலை செய்யல. பணத்தத் திருப்பிக் குடுங்க.”

“யூஸ் பண்ண பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்.”

“யூஸ் பண்ணாம வேலை செய்யலன்னு எப்படிங்க தெரியும்?”

“லைன்ல இருங்க சார்” என்றான். இருந்தேன். ஒரு பாட்டு ஓடியது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று லைன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு செய்தி, கூடவே ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு லிங்க்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். நீங்கள் பிரிக்கப் போகாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன். மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் செய்தது கெபாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜை இறக்கியதுதான். அப்புறம் மேசைமேல் வைத்துக் காட்டினார்: விரல் நகம் அளவு சர்க்யூட் போர்டு, விளக்குக்காக நாலு டையோடும் ரெசிஸ்டரும், பச்சை எல்.இ.டி. ஒன்று, 5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்த ஒரு கெபாசிட்டர். அவ்வளவேதான். சீலிங் ஃபேனில் இருக்கிற கெபாசிட்டரின் இனம்தான், அளவில் கொஞ்சம் பெரிது. 230 வோல்ட் லைனில் இது ஈடுகட்டக்கூடியது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். ‘ஏ.சி., ஹீட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து’ என்று அட்டையில் போட்டிருந்தார்கள். ஹீட்டரில் கைமாற்றே கிடையாது, இழுக்கிற மின்சாரம் முழுவதும் சூடாகப் போய்விடுகிறது. அதில் இந்தப் பெட்டி எதைச் சேமிக்கும்?

பிரிக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இது. நாள் முழுக்க மெயின் லைனின் குறுக்கே கிடக்கிற கெபாசிட்டர் எக்ஸ்2 போன்ற பாதுகாப்புத் தரம் உடையதாக இருக்க வேண்டும், ஃபியூஸும் வேண்டும். எங்கள் பெட்டியில் ஃபியூஸ் இல்லை, தரக்குறியீடும் இல்லை. இப்படிப்பட்ட சரக்கு பழுதானால் சூடாகி உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பிளக்கிலிருந்து உருவிய பிறகு சார்ஜை இறக்குவதற்கென்று ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும், அதையும் மிச்சம் பிடித்திருந்தார்கள். 230 வோல்ட் லைனின் உச்சம் சுமார் 325 வோல்ட். உருவிய கையோடு பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செருகியே வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், எடுக்கும்போது பின்னில் விரல் படாமல் எடுங்கள்.

‘எங்க வீட்ல பில் குறைஞ்சுதே’ என்று யாராவது சொல்வார்கள். குறைந்திருக்கும். வெயில் தணிந்திருக்கும், யாராவது ஊருக்குப் போயிருப்பார்கள். பெட்டி வாங்கிய வீட்டில் எல்லோரும் லைட்டை ஞாபகமாக அணைக்கத் தொடங்குவதும் உண்டு, எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அந்த நல்ல பெயர் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மாத பில்லை வைத்து இதைச் சோதிக்கவே முடியாது.

சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு, எதையும் பிரிக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது அச்சடித்திருக்கும், 1600, 3200 இப்படி. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபேன்களை மட்டும் ஓடவிடுங்கள். 75 வாட் ஃபேன் இரண்டு ஓடினால், 3200 போட்ட மீட்டரில் ஏழெட்டு வினாடிக்கு ஒரு முறை விளக்கு மின்னும். பில் பாதியாவது உண்மையானால், பெட்டியைச் செருகியதும் அந்த இடைவெளி இரட்டிப்பாக வேண்டும். அப்பாவைக் கையில் வாட்சோடு மீட்டர் முன்னால் நிற்க வைத்தேன், நான் உள்ளே செருகுவதும் எடுப்பதுமாக இருந்தேன். இடைவெளி அசையவில்லை. “எடுத்துட்டியா, மாட்டிருக்கியா?” என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சாதனத்துக்குத்தான் பெட்டி என்று அவர்களே சொல்வதால் ஃபேனை வைத்துச் சோதித்தோம், அதனால் தப்பித்துக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை.

இதே விளக்கு உண்மையான கசிவையும் காட்டிக் கொடுக்கும். எல்லாம் அணைத்ததாக நினைத்த பிறகும் அது மின்னிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் பிடிபட்டது செட் டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் பழைய பாக்ஸ்கள் 10 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட், பத்து வாட் என்றால் 87 யூனிட்டைத் தாண்டும். டி.வி.யில் ‘க்விக் ஸ்டார்ட்’ என்று ஓர் அமைப்பு இருக்கும், சில வினாடி சீக்கிரம் படம் தெரிவதற்காக டி.வி. அரைத் தூக்கத்திலேயே கிடக்கும். அதை அணைத்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் ஸ்டாண்ட்பைக்கு 2010 முதல் 1 வாட், 2013 முதல் அரை வாட் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள், அதனால் புதுச் சாதனங்கள் பல திருந்திவிட்டன. பழையவற்றுக்கு சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை, அதற்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: முதலில் விளம்பரத்தை ஸ்க்ரீன் ரெக்கார்ட் செய்து வையுங்கள். நான் புகார் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பக்கமே காணாமல் போயிருந்தது. நல்லவேளையாக அப்பா வீடியோவைத் தன் நண்பர்களுக்கெல்லாம் ஃபார்வர்டு செய்திருந்தார், அங்கிருந்து எடுத்தேன். ‘பில் 50 சதவீதம் குறையும்’ என்று அவர்கள் எழுதிய வரி தெரிகிற படம்தான் உங்கள் பிடிமானம். கார்டில் கட்டியிருந்தால் விற்றவனோடு மல்லுக்கட்டுவதைவிட நேராக உங்கள் வங்கியிடம் போங்கள். சொன்னபடி இல்லாத பொருள் என்று குறிப்பிட்டு சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமாகவே திருப்பி வாங்குவது. அதற்குக் காலக்கெடு உண்டு, ‘மூன்றாவது மாதம் வரை பாருங்கள்’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். கையில் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்த வழி இல்லை, நுகர்வோர் புகார்தான். விற்பனைத் தளம் மூலம் வாங்கியிருந்தால் தளத்தின் மீதும் சேர்த்தே புகார் கொடுங்கள், விற்றவனைப் போலத் தளம் ஒரே நாளில் பெயர் மாற்றிக்கொண்டு ஓட முடியாது.

எங்கள் சார்ஜ்பேக் இன்னும் முடிவாகவில்லை. பெட்டி எங்கள் கையில் இருக்கும் நிலையில் படத்தை வங்கி கேட்டிருக்கிறது. பிரித்துப் போட்ட பாகங்களையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.