நம்பர் அழித்த அவுட்போர்டு எஞ்சின், ஒழுகும் பெட்ரோல் டேங்க்: ஏமாந்துவிடாதீர்கள்

78,500 ரூபாய். அண்ணன் எடுத்த சீட்டுப் பணமும் அண்ணியின் வளையலை அடகு வைத்த பணமும் சேர்ந்தது அது. அந்த 78,500 ரூபாய்க்கு வாங்கிய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) எங்கள் வீட்டு வாசலில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது. விற்ற ஆள் போனை எடுப்பதில்லை. விளம்பரம் போட இடம் கொடுத்த தளம் கையை விரித்துவிட்டது. ஆத்திரம் அடங்கவில்லை, அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே மாதிரி எஞ்சின் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

நாங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள். ஃபைபர் படகு, நண்டு வலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போதுதான் எங்களைப் போன்ற சின்னப் படகுகளுக்கு நல்ல விலை கிடைக்கும். அதற்குச் சற்று முன்னால் பழைய எஞ்சின் கைவிட்டது. புதியது வாங்க வசதியில்லை. பழைய சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், வெளிநாட்டு இறக்குமதி, கூடவே 25 லிட்டர் டேங்க், ஹோஸ், பல்பு (பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்ற கையால் அமுக்கும் ரப்பர் குமிழ்) எல்லாம் சேர்த்து என்று போட்டிருந்தார்கள். விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சைக் குறி வேறு.

வீடியோ காலில் வந்தார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை மாட்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினார். "பாருங்கண்ணே, தண்ணி எப்படி பீச்சி அடிக்குது, பம்பு புதுசு மாதிரி" என்றார். அண்ணன் யோசித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "எங்கப்பாவும் கடல் தொழில்தான்ணே, கடல்காரன் வயித்துல அடிப்பேனா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அண்ணன் பணத்தை அனுப்பச் சொன்னார். முன்பணம் 20,000. லாரி பார்சல் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியதும் மீதி 58,500. இரண்டும் சேர்ந்துதான் 78,500.

எஞ்சின் வந்தது. அண்ணனும் மாமாவும் தொழிலுக்குப் போனார்கள். கரை கண்ணுக்கு மறைந்ததும் எஞ்சின் திணறி நின்றது. பல்பை அமுக்கினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். பெட்ரோல் வாடை வேறு. ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அண்ணன் பலகையைத் தூக்கிப் பார்த்தால், படகின் அடியில் கிடந்த தண்ணீர் மேல் பெட்ரோல் படர்ந்து மினுங்குகிறது. மாமா அப்போது பீடியை வாயில் வைத்துவிட்டார். அண்ணன் போட்ட கூச்சலில் தீப்பெட்டியைக் கடலில் எறிந்திருக்கிறார். பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அன்றைக்குப் பாடும், அதாவது பிடிப்பும் இல்லை.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் ரொம்ப காலம் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள். மண்ணெண்ணெய் சிந்தினால் சட்டென்று பற்றாது. பெட்ரோல் அப்படியில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் படகின் அடியிலேயே தங்கும். பேட்டரி வயரில் ஒரு சின்னப் பொறி போதும்.

கரையில் மெக்கானிக், ஹோஸை டேங்கோடு இணைக்கும் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெடித்துப் போயிருந்தது. ஹோஸ் முனையைக் கிளிப் போடாமல் கட்டுக்கம்பியால் சுற்றி, மேலே பசை பூசி மறைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். கனெக்டர் சரியில்லை என்றால் காற்றையும் சேர்த்து உறிஞ்சி நின்றுவிடும். வெயிலில் சும்மா வைத்திருக்கும்போது மூடியிலுள்ள காற்றுத் திருகு அடைத்திருந்தால் டேங்க் உப்பி, அதே இடத்தில் பெட்ரோலை வெளியே தள்ளும்.

சரி, கனெக்டரும் ஹோஸும் மாற்றினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மெக்கானிக் எஞ்சின் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன் என்றார். படகில் மாட்டும் பிராக்கெட்டில் நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. "நம்பர் இல்லாத எஞ்சினை நான் தொட மாட்டேன் தம்பி" என்று ஒதுங்கிக்கொண்டார்.

நம்பர் போனால் என்ன போகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எஞ்சினில் ஆபத்தான குறை தெரியவந்தால் கம்பெனிகள் 'ரீகால்' அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும். எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை என்றுதான் அறிவிப்பு வரும். அமெரிக்காவில் கடலோரக் காவல்படையே அந்தப் பட்டியலை வெளியிடுகிறது. நம்பரைச் சுரண்டிவிட்டால் நம் எஞ்சின் அதில் இருக்கிறதா என்று பார்க்கவே வழியில்லை. இங்கே கார், பைக்குக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் ரீகால் வந்துவிட்டது. படகு எஞ்சின் அந்தச் சட்டத்துக்குள் வராது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போகிறவனுக்கு இதுதான் நிலைமை.

விற்ற ஆளிடம் கேட்டேன். முதலில் "பல்பை சரியா அமுக்கலண்ணே" என்றார். அடுத்து "ஓ-ரிங் அம்பது ரூபா, அதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றார். நம்பரைப் பற்றிக் கேட்டதும் "எனக்கு வந்ததே அப்படித்தான்." பிறகு போனே எடுக்கவில்லை. தளத்தில் புகார் போட்டால் "வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் சேவை" என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியானால் அந்தப் பச்சைக் குறி எதற்கு? கடைசியாகப் பேசிய பெண், "நீங்கள் தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்" என்று சொல்லி 78,500 ரூபாய்ப் பேச்சை முடித்துவிட்டார்.

இது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கும் பொருளை வணிகத்துக்கு வாங்கியதாகக் கொள்ளக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. உங்களிடமும் இதையே சொல்வார்கள், நம்பாதீர்கள். 1915 உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: நம்பர் தகடு தெரிகிற மாதிரி படம் கேளுங்கள், தராவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். டிரம்மில் ஓடுவதை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் போய் டேங்க், ஹோஸ், கனெக்டரைத் துணியால் துடைத்துப் பல்பை இறுகும்வரை அமுக்கி ஈரம் வருகிறதா என்று பாருங்கள். பழைய ஹோஸ் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பீடி பற்றவைக்காதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன். நாளை காலை ஆணையத்துக்குப் போக ரசீதுகளைத் தேட வேண்டும்.