சாவேஜ் 99: பழைய லீவர் துப்பாக்கியோடு சில மான் சீசன்கள்

லீவர் துப்பாக்கி, அதாவது ட்ரிக்கருக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள், என்றதும் பலருக்கும் வின்செஸ்டர் 94தான் கண்முன் வரும். பென்சில்வேனியாவில் நான் மான் வேட்டைக்கு எடுத்துப் போவது சாவேஜ் 99. இஜி வகை, .300 சாவேஜ் தோட்டா, இரண்டாம் உலகப் போருக்கு முன் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் செய்தது. இங்கே மானுக்கு செமி ஆட்டோமேட்டிக் (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிள் கூடாது, அதனால் லீவர், பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றுவது) இரண்டுக்கும் மவுசு குறையவே இல்லை.

என்னை இதில் கட்டிப்போட்டது தோட்டாக்களை வைக்கும் மேகசின்தான். வின்செஸ்டர் 94-இல் பேரலுக்குக் கீழே ஒரு குழாய் இருக்கும், தோட்டாக்கள் அதில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் சுடும்போது வரும் உதையில் அது முன்னால் இருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள, தீப்பற்ற வைக்கும் பகுதி) குத்தி வெடித்துவிடலாம் என்பதால் மொட்டை முனைதான் வழக்கம். ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் 1890களிலேயே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். ரிசீவருக்குள் (இயந்திரப் பாகங்கள் இருக்கும் நடு உடல்) சுழலும் ஓர் உருளை, அதில் ஐந்து தோட்டாக்கள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பள்ளத்தில். கூர்முனையைத் தைரியமாகப் போடலாம். இடது பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதில் எத்தனை பாக்கி என்று எண் தெரியும். இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில்கூட இதை யாரும் வைப்பதில்லை, ஏனென்று புரியவில்லை.

வெளியே சுத்தியல் கிடையாது, புதரில் எதுவும் மாட்டாது. கொக்கி ஏறிச் சுடத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க மேலே ஒரு சிறு முனை எழும்பி நிற்கும், இருட்டில் கட்டைவிரலால் தடவினாலே தெரிந்துவிடும். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி, லீவரை ஒட்டி இருக்கிறது, தள்ளினால் ட்ரிக்கரோடு லீவரும் பூட்டிக்கொள்ளும். நல்ல யோசனை, ஆனால் தடித்த கையுறையோடு அதைத் தள்ளுவது பெரும்பாடு.

தோட்டாவைப் பற்றியும் கொஞ்சம். 150 கிரெயின் (சுமார் 9.7 கிராம்) குண்டு வெள்ளைவால் மானுக்குத் தாராளம், உதையும் தோளை வருத்தாது. 1952-இல் வந்த .308 வின்செஸ்டருக்கான ஆரம்பச் சோதனைகள் இந்த .300 சாவேஜின் தோட்டாக் கூட்டை வைத்துத்தான் நடந்தன. பிள்ளை பிரபலமாகிவிட்டது, அப்பாவைக் கடையில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கண்ணில் பட்டால் இரண்டு பெட்டி சேர்த்து எடுத்து வைத்துவிடுகிறேன்.

சரி, நிலைமை. ரிசீவரின் அடிப்பக்கம் கறுப்பு முழுக்கப் போய் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. ஒரு கையில் தூக்கிப் போகும்போது எடை சமநிலையாக நிற்கும் இடம் அதுதான், பழைய 99 எதைப் பார்த்தாலும் அங்கே தேய்ந்திருக்கும். முன்பு வைத்திருந்தவர் யாரோ ஸ்கோப்புக்காக மேலே துளை போட்டிருக்கிறார். சேகரிப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள், எனக்கு விலை குறைந்தது அதனால்தான். பேரல் உள்ளே சுத்தம்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் முதலில் தோளில் வைக்கும் மரக்கட்டையைப் பாருங்கள், அதுவும் ரிசீவரின் வால் மரத்துக்குள் நுழைகிற இடத்தை. கட்டையை உள்ளிருந்து ஒரு நீண்ட போல்ட் இழுத்துப் பிடிக்கிறது. வருடக்கணக்கில் மரம் காய்ந்து போல்ட் தளர்ந்தால், ஒவ்வொரு உதைக்கும் இரும்பு பின்னால் வந்து ஆப்பு வைத்தது போல் மரத்தைப் பிளக்கும். என்னுடையதில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது, பழுது பார்ப்பவர் பசை ஏற்றி போல்ட்டையும் முடுக்கிக் கொடுத்தார், அதற்கப்புறம் நகரவில்லை. சீசன் தொடங்கும் முன் கட்டையின் பின்முனையில் இருக்கும் அடித்தகட்டைக் கழற்றி போல்ட்டை ஒருமுறை சரிபார்க்கிறேன்.

எரிச்சலான விஷயம், தோட்டாவை வெளியே எடுப்பது. கழற்றும் மேகசின் இல்லை, வண்டியில் வைக்கும் முன் லீவரை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாகச் சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) வழியாகத்தான் எடுக்க வேண்டும், பனியில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1960களில் கழற்றும் மேகசினோடு 99சி வந்தது. வசதிதான், ஆனால் அதில் அந்த உருளை இல்லை, எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, .303 சாவேஜ் என்று பேரலில் எழுதியது மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். அதுவும் .303 பிரிட்டிஷும் வேறு வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடவே கூடாது, சரியான தோட்டா கிடைப்பதும் குதிரைக்கொம்பு.