எட்டு டிரைவும் ஒண்ணா சுத்தணுமா, ரெண்டு ரெண்டா சுத்தணுமா?

டர்பன்ல சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் வீட்லயே சர்வர் வச்சிருக்கிற நம்மாளுங்க இப்ப நிறைய பேரு, கல்யாண வீடியோ எடுக்கிறவங்க, வருஷா வருஷம் கோயில் காவடி ரெக்கார்டிங்கை சேத்து வைக்கிறவங்க, எல்லார்கிட்டயும் எட்டு ஹார்ட் டிரைவ் பெட்டி ஒண்ணாவது இருக்கும். அவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், பல டிரைவை ஒண்ணா சேத்து ஓட்டுற ரெய்ட் கார்டு மெனுவுல ஸ்பின்அப்னு, டிரைவ் எப்படி சுத்த ஆரம்பிக்கணும்னு சொல்ற ஒரு செட்டிங் இருக்கே, அதை அப்படியே விடவா மாத்தவா? 2023ல நாம பட்ட லோட் ஷெடிங் (முறை வச்சு கரண்டை நிறுத்துறது) யாருக்கும் மறந்திருக்காது, இப்ப அந்த அளவுக்கு இல்லன்னாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் ரிப்பேர்னு கரண்ட் போயி போயி வந்துட்டுதான் இருக்கு, அதனால இங்க இருக்கிறவங்களுக்கு இது சும்மா ஒரு செட்டிங் இல்ல.

முதல்ல கணக்கு. ஒரு 3.5 இன்ச் டிரைவ் நின்ன இடத்துலேர்ந்து சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட் லைன்ல கிட்டத்தட்ட 2 ஆம்ப் இழுக்கும், சுத்தி நிலைக்கு வந்ததும் அரை ஆம்புக்குப் பக்கத்துல இறங்கிடும். எட்டும் ஒரே நேரத்துல கிளம்புனா 16 ஆம்ப், அதாவது 192 வாட், பத்து செகண்டுக்குப் பக்கமா நிக்கும். 24 டிரைவ்னா 576 வாட். மத்த நேரத்துல அந்த டிரைவுங்க இந்த 12 வோல்ட் லைன்ல இதுல கால்வாசிதான் சாப்பிடும்.

இப்ப ஆப்ஷன்களைப் பாப்போம்.

எல்லாத்தையும் ஒண்ணா கிளப்புறது. நாலு டிரைவ் வரைக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும், பூட் சீக்கிரம் ஆகும், எதையும் தொட வேணாம், நல்ல பவர் சப்ளைக்கு 8 ஆம்ப் ஒரு பொருட்டே இல்ல. எட்டுக்கும் தரமான சப்ளை தாங்கும். ஆனா சப்ளை பழசா இருந்து 12 வோல்ட் கொஞ்சம் இறங்கிச்சுன்னா ஒரு டிரைவ் க்ளிக்னு சத்தம் போட்டு ரீசெட் ஆகும், கார்டு அதைப் பாத்துட்டு டிரைவ் போச்சுன்னு முடிவு பண்ணி ரெய்டுலேர்ந்து தூக்கிடும், டிரைவ்ல ஒரு குறையும் இருக்காது ஆனா நீங்க ரீபில்டு போட்டு, அதாவது அந்த டிரைவ்ல டேட்டாவை மறுபடி எழுத வச்சு, ராத்திரி முழுக்க உக்காந்திருக்கணும். இன்வெர்ட்டர்ல ஓடுறவங்களுக்கு இன்னும் மோசம், கரண்ட் வந்த அந்த நிமிஷத்துல ஃபிரிட்ஜ், கீசர் எல்லாம் சேந்து கிளம்புதே, அதே கதைதான் இந்தப் பெட்டிக்குள்ளயும்.

அடுத்தது கார்டுலயே வரிசையா கிளப்புறது. மெகாரெய்ட் மாதிரி கார்டுல ரெண்டு நம்பர் இருக்கும், ஒரே நேரத்துல எத்தனை டிரைவ், ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவுல எத்தனை செகண்ட். நிறைய பேரு டிரைவ் எண்ணிக்கையை மட்டும் குறைச்சுட்டு டிலேயை 2 செகண்ட்ல விட்டுடுறாங்க, அப்படி வச்சா முதல் ஜோடி முழு வேகம் புடிக்கிறதுக்குள்ள மீதி மூணு ஜோடியும் கிளம்பிடும், கடைசில ஒண்ணா கிளப்புனதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. என் கணக்குல எட்டு டிரைவுக்கு ரெண்டு டிரைவ், 12 செகண்ட். கடைசி ஜோடி 36வது செகண்ட்ல கிளம்பும், ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் ரெடி. 24 டிரைவுக்கு இதே நம்பர் வச்சா ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகும், அங்க நாலு நாலா கிளப்புறது நல்லது.

ஆனா இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. கார்டுல நீங்க என்ன நம்பர் போட்டாலும் டிரைவ் காத்திருந்தாதான் அது நடக்கும். சாட்டா டிரைவோட (வீட்டுல சாதாரணமா இருக்கிற வகை) பவர் கனெக்டர்ல 11வது பின் கிரவுண்டோட சேந்திருந்தா டிரைவ் கரண்ட் வந்த உடனே சுத்திடும், யாரையும் கேக்காது. பவர் சப்ளைலேர்ந்து நேரா வர்ற சாதாரண கேபிள்ல பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பின் எதோடயும் சேராம சும்மா இருந்தாதான், கார்டு லிங்க்கை எழுப்புற வரைக்கும் டிரைவ் பேசாம இருக்கும், நல்ல ஹாட்ஸ்வாப் பேக்பிளேன்ல, அதாவது ஓடும்போதே டிரைவை சொருகி எடுக்கிற போர்டுல, இந்த வசதி இருக்கும். பெரிய சர்வர்ல வர்ற சாஸ் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்ல, கார்டோ, ஒரு கார்டுல நிறைய டிரைவ் மாட்ட உதவுற எக்ஸ்பாண்டரோ சிக்னல் குடுக்குற வரைக்கும் அதுவே காத்திருக்கும். உங்க பெட்டி எப்படின்னு தெரிஞ்சுக்க மூடியைத் திறந்துட்டு பவர் போட்டு டிரைவ் மேல உள்ளங்கையை வச்சுப் பாருங்க, முதல் டிரைவும் கடைசி டிரைவும் ஒரே நேரத்துல அதிர ஆரம்பிச்சா கார்டுல நீங்க போட்ட நம்பருக்கு அங்க வேலையே இல்ல.

மதர்போர்டு போர்ட்லயே டிரைவ் மாட்டுனவங்களுக்கு பயாஸ்ல (மதர்போர்டோட செட்டப் மெனு) ஸ்பின்அப் டிவைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கலாம், அதுவும் இதே வேலைதான், 11வது பின் கதையும் அங்க அப்படியே பொருந்தும். லினக்ஸ்ல இது ஆன்ல இருந்தா போர்ட்டை ஒண்ணொண்ணா தேடும், பூட் கொஞ்சம் இழுக்கும்.

மூணாவது, சொல்ற வரைக்கும் சுத்தாதேன்னு டிரைவுக்குள்ளயே எழுதி வைக்கிறது, பவர் அப் இன் ஸ்டேண்ட்பைன்னு சொல்லுவாங்க. லினக்ஸ்ல இருக்கிற எச்டிபார்ம் கமாண்ட்ல போடலாம், சில டிரைவ்ல ஜம்பரே இருக்கு. சாதாரண கேபிள்லயும் வேலை செய்யும், அதுதான் இதோட பெரிய பலம். ஆனா நான் யாருக்கும் இதை முதல்ல சொல்லமாட்டேன். எழுப்புறதுக்குன்னு தனி கமாண்ட் அனுப்பணும், லினக்ஸ் அனுப்பும், எல்லா பயாஸும் எல்லா கார்டும் அனுப்பாது, எச்டிபார்ம்கூட ரொம்ப ஆபத்துன்னு எச்சரிக்கை காட்டிட்டுதான் விடும். பெட்டி செத்துப் போய் டிரைவை அவசரமா கழட்டி மச்சான் வீட்டு யுஎஸ்பி டாக்ல போட்டுப் பாக்குற அன்னைக்கு டிரைவே தெரியலன்னா மனசு என்ன பாடுபடும். குடும்ப வீடியோ இருக்கிற டிரைவுக்கு தயவுசெஞ்சு வேணாம்.

பெரிய பவர் சப்ளை வாங்கிடலாமேன்னு கேட்டா, பேக்பிளேன் இல்லாத கேஸ்ல எட்டு டிரைவ் வச்சிருக்கிறவங்களுக்கு நேர்மையான பதில் அதுதான். ராண்ட்ல செலவு கூடும், ஆனா பேக்பிளேனுக்காக கேஸையே மாத்துறதை விடக் கம்மி. யுபிஎஸ்ஸும் அந்த 10 செகண்ட் லோடைத் தாங்குதான்னு பாத்துக்கணும்.

இதோட பயாஸ்ல கரண்ட் திரும்புனதும் என்ன பண்ணணும்னு இருக்கிற செட்டிங்கையும் பாருங்க. நான் ஆஃப்லயே இருக்கட்டும்னுதான் வைப்பேன், ஏன்னா லைன் வந்து ரெண்டு நிமிஷத்துல மறுபடி போறது இங்க சாதாரணம், டிரைவ் பாதி வேகத்துல இருக்கும்போது திரும்பவும் கரண்ட் கட்டாகறது நல்லதில்ல. தானா கிளம்பியே ஆகணும்னா பேட்டரி ஒரு அளவுக்கு ஏறுன பிறகுதான் அவுட்புட் குடுக்குற யுபிஎஸ் வாங்குங்க.

வரிசையா கிளப்புறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும், பூட் எஸ்எஸ்டி தனியா இருந்தா ஓஎஸ் இருபது செகண்ட்ல எழுந்துடும், டிரைவ் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே பூலை (டிரைவ் எல்லாம் சேந்த ஸ்டோரேஜ்) தேடி கிடைக்கலன்னு எரர் காட்டும். கார்டோட பூட் ரோமை (ஸ்டார்ட் ஆகும்போது கார்டுலேர்ந்து ஓடுற சின்ன புரோகிராம்) ஆன்லயே விட்டீங்கன்னா பெரும்பாலும் டிரைவ் எல்லாம் வந்தப்புறம்தான் பூட் நகரும், ரோமை எடுத்துட்டவங்க பூல் இம்போர்ட்டை ஒரு நிமிஷம் தள்ளி வைங்க.