அம்பாசடரில் ஐகான் இருக்கைகள்: சில ஆண்டு அனுபவம்

பிரீமியர் பத்மினி ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நண்பர், அதன் முன்பக்கப் பெஞ்ச் சீட்டை (காரின் அகலம் முழுவதும் நீளும் ஒரே இருக்கை) எடுத்துவிட்டு வேறு காரின் தனி இருக்கைகளைப் பொருத்தலாமா என்று கேட்டார். என்னுடைய மார்க் 4 அம்பாசடரில் ஃபோர்டு ஐகானின் முன் இருக்கைகள் சில ஆண்டுகளாக இருக்கின்றன. அண்மையில்தான் அவற்றைத் தரையோடு பிணைக்கும் இரும்புத் தாங்கிகளான பிராக்கெட்டுகளை அறுத்தெடுத்து மறுபடியும் வெல்டிங் செய்ய வேண்டிவந்தது. அந்த வேலையின் சூடு ஆறுவதற்குள் எழுதுவதால், எரிச்சல் சற்றுத் தூக்கலாகவே தெரியக்கூடும்.

ஐகான் இருக்கைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தபோதே அவற்றின் நுரை தளராமல் இருந்தது. முன்பெல்லாம் சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டால் விழுப்புரத்திலேயே இறங்கி முதுகை நிமிர்த்தியாக வேண்டும். இப்போது அந்த வலி அடியோடு இல்லை. பெஞ்ச் சீட்டில் வளைவுகளில் ரெக்சின் மேல் உடல் சரியும். சரியாமலிருக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவதும் அதே ஸ்டியரிங்கைத் திருப்புவதுமாக ஏற்காடு மலையேறியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் இருக்கையில் கைகளுக்குத் திருப்புகிற வேலை மட்டுமே மிஞ்சுகிறது. தலைக்குப் பின்னால் தாங்கல் இருப்பது இன்னும் பெரிய விஷயம். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான், என் பெஞ்சில் அது கிடையாது.

என்னைத் தொடர்ந்து வாட்டியது இருக்கையின் உயரம். கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தொடை ஸ்டியரிங்கின் கீழ் விளிம்பில் உரசியது. கிண்டி போன்ற இடத்தில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது முழங்காலை வெளிப்பக்கம் விரித்தபடியேதான் ஓட்ட முடிந்தது. ஸ்டியரிங் தண்டிலுள்ள கியர் கம்பி கீழே இறங்கும்போது இடது முழங்காலைத் தொட்டுவிடும். சாலையைப் பார்க்கக் கழுத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருந்ததால், முதுகுக்குக் கிடைத்த சுகத்தில் ஒரு பங்கைக் கழுத்து திருப்பிக் கொடுத்தது.

இதற்குக் காரணம் பட்டறையில் அளந்த முறை. காலியாக இருந்த பெஞ்சின் உயரத்தை அளந்து, காலியாக இருந்த புது இருக்கையும் அதே மட்டத்துக்கு வருமாறு சதுரக் குழாயில் பிராக்கெட் அடித்துக் கொடுத்தார்கள். பழைய பெஞ்சின் உள்ளே இருப்பவை சுருள் ஸ்பிரிங்குகள். ஆள் உட்கார்ந்ததும் அது நன்றாக அமுங்கும். ஐகான் இருக்கையிலுள்ள, அச்சில் வார்த்த நுரை அந்த அளவில் பாதிகூட அமுங்குவதில்லை. ஆகவே காலி மட்டம் ஒன்றாக இருந்தும், உட்கார்ந்தபின் இடுப்பு நிற்கும் மட்டம் வேறாகிவிட்டது. அளக்க வேண்டியது ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இடுப்பெலும்புக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை. அதுவும் பழைய சீட்டைக் கழற்றுவதற்கு முன்பே. இந்த ஓர் அளவை எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆண்டுக்கணக்கில் கார் சீட் வேலை செய்பவர்கள் இதைக் கேட்கக்கூட இல்லை என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது சதுரக் குழாயை நீக்கிவிட்டுத் தட்டையான பட்டையில் பிராக்கெட் செய்ததில் 30 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. தொடை உரசுவது நின்றுவிட்டது. இதற்கு மேல் இறக்க இடமில்லை. பிராக்கெட் செய்யும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று: இக்கால இருக்கைகளின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. எந்தக் காருக்காகச் செய்யப்பட்டனவோ அந்தக் காரின் தரையிலுள்ள மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். அந்த வேறுபாட்டைப் பிராக்கெட்டில் சரிசெய்யாமல் போல்ட்டை முறுக்கி இழுத்து உட்காரவைத்தால், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த உதவும் தண்டவாளமான ஸ்லைடர் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஒரு பக்கப் பூட்டு மட்டும் விழும், மறுபக்கம் விழாது. பிரேக் அடிக்கும்போது இருக்கை முன்னால் நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பில் இன்னொன்றும் உண்டு. இக்காலக் கார்கள் பலவற்றில் பெல்ட்டின் பக்கிள் இருக்கையின் சட்டத்திலேயே இருப்பதால், மோதலின்போது ஓட்டுபவரின் எடையில் கணிசமான பங்கைத் தாங்கி நிற்பவை அந்த நான்கு போல்ட்டுகளும் அவற்றின் அடியிலுள்ள தகடும்தான். பழைய காரின் தரைத் தகடு மெல்லியது, பெரும்பாலும் துருவும் ஏறியிருக்கும். வெறும் வாஷரை வைத்து முறுக்கினால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை, மூலைகளை உருட்டி, உள்ளங்கை அகலத்துக்காவது வைக்க வேண்டும். அம்பாசடரில் அங்குல மரை, ஐகானில் மில்லிமீட்டர் மரை என்பதால் பழைய போல்ட்டுகளை அப்படியே பயன்படுத்தவும் முடியாது, 8.8 என்ற வலிமைத் தர எண்ணைத் தலையில் பொறித்த புதிய போல்ட்டுகளை வாங்குங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையாக இருந்தால், அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தெரியும். அதைத் தொடாமல் வேறு இருக்கையைப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 15 ஆண்டு கடந்த தனியார் காருக்கு 5 ஆண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வும் உண்டு. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் மூத்தவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. புடவையோடு ஏறி அப்படியே நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு, இருக்கையின் உயர்ந்த விளிம்பைத் தாண்டுவது ஒவ்வொரு முறையும் சிரமம். இப்போது பின்னால்தான் உட்காருகிறார். முன்னால் என் பக்கத்தில் அவர் இல்லாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டும், நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பத்மினி அம்பாசடரைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம் குறைந்தது. ஐகான் அளவு இருக்கை இரண்டை வைத்தால் கதவோடு தோள் இடிக்கும். இருக்கைகளுக்குக் கொடுத்ததைவிட பிராக்கெட்டுக்கும் இரண்டாம் முறை வெல்டிங்குக்கும் எனக்கு ஆன செலவு அதிகம். அந்தப் பணத்தில் நல்ல குஷன்காரர் ஒருவரைப் பிடித்து, பெஞ்சின் ஸ்பிரிங்குகளை மாற்றி, முதுகுப் பகுதிக்கு அடர்த்தியான நுரை வைத்து, ரெக்சினுக்குப் பதிலாக வழுக்காத துணி போட்டுக்கொள்ளலாம். அம்பாசடர்காரர்கள் தனி இருக்கைதான் வேண்டுமென்றால், 1990களின் 1800 ஐ.எஸ்.இசட். அம்பாசடர் மாடலில் வந்த தனி இருக்கைகளை முதலில் தேடட்டும். என்னுடையதை நான் கழற்றப்போவதில்லை, முதுகு ஒப்பாது.